என்ற கை

ஆறரைக்குக் கம்பெனி பஸ்.
அதற்கு முன்னால் போன் கேட்கிறது:
இன்று உங்கள் வலி எவ்வளவு?
பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு,
கோட்டின் மேல் ஒரு பொட்டு.
பொட்டை நகர்த்த வேண்டிய விரல்தான்
நோவுகிற விரல்.

திருப்பூர் ஜி.ஹெச்.சில்
பிசியோதெரபி புள்ள ஏற்றிக் கொடுத்த ஆப்.
பெயர் கேட்டது. மயிலாத்தாள்.
வயது, ஐம்பத்தி மூன்று.
தொழில்: இல்லத்தரசி இருந்தது, விவசாயம் இருந்தது,
பனியன் கம்பெனி செக்கிங் இல்லை.
பெருவிரலை வையுங்கள் என்றது.
வைத்தேன். மீண்டும் வையுங்கள் என்றது.
இருபத்திரண்டு வருஷம் துணியைத் தடவித் தடவி
ரேகையை எந்தப் பெட்டியில் போட்டு
எந்த தேசத்துக்கு அனுப்பினேனோ.

தேய்மானம் என்றார் டாக்டர்.
தெரிந்த சொல்தான்.
மார்ச் மாதம் ஆடிட்டர் வருவார்.
ஓவர்லாக் மெஷினுக்கு இவ்வளவு,
ஜெனரேட்டருக்கு இவ்வளவு என்று
வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பார்.
டீ கொண்டுபோனபோது காதில் விழுந்தது.
கத்தரி பிடிக்கிற விரலை
எந்தப் பக்கத்தில் எழுதுவீங்க என்று கேட்டிருக்கலாம்.
தட்டு கனமாக இருந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

ஆப் பேசுவது சுத்தமான தமிழ்.
ஜாடி மூடியைத் திறப்பதில் சிரமம் உள்ளதா?
ஜாடிக்கு எங்க போறதுங்க.
சிலிண்டர் திருகு இருக்கிறது,
டிபன் டப்பா இருக்கிறது,
ரவிக்கையில் கடைசிக் கொக்கி இருக்கிறது.
உங்கள் இலக்கு என்ன என்ற பட்டியலில்
கொக்கி இல்லை.
'மற்றவை' தொட்டு, மைக்கை அமுக்கிச் சொன்னேன்:
என்ற கை என்ற பேச்சு கேக்கோணுங்க.

அப்படியே எழுதிக்கொண்டது.
மகன் படித்துவிட்டுச் சிரித்தான்.
படிச்சவங்க பார்த்தா
முன்னால ஒரு வார்த்தை விட்டுப்போச்சும்பாங்கம்மா.
எது 'என்ற' கை?

அன்று முழுக்க மேஜையில்
பிசிறு வெட்டிக்கொண்டே யோசித்தேன்.
அந்த இடத்தில் என்ன போடுவது.
பீஸ் ரேட் என்ற கை?
நாளைக்கும் வரும் என்ற கை?

பஸ்ஸில் ஐந்து நிமிடம் பயிற்சி.
பெருவிரலால் மற்ற விரல்களை
ஒவ்வொன்றாய்த் தொட வேண்டும்.
பக்கத்து சீட் சபிதா, ஒடிசாப் பெண்,
காசு எண்ணுகிறேன் என்று நினைத்தாள்.
எவ்ளோ அக்கா?
இன்னும் வர்ல கண்ணு.

மாதக் கடைசியில் ஒரு படம் காட்டியது.
ஊதியூர் மலை மாதிரி ஏறி இறங்கி ஏறி.
உச்சியில் எல்லாம் ஷிப்மென்ட் தேதி.
அந்நாட்களில் குளிர் அதிகமா என்று விசாரித்தது.
குளிர் இல்லீங்க. கன்டெய்னர்.

ஒருநாள் மட்டும் பொய் சொன்னேன்.
எட்டு வலித்தது, மூன்றில் வைத்தேன்.
அருமை! என்று கலர்க் காகிதம் தூவியது.
என்னைப் பார்த்து
யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு நாளாச்சு.
அந்த மூன்றை அழிக்க வழியில்லை.
மலைக்கு நடுவே ஒரு குழியாக
இன்னும் கிடக்கிறது.

கைப்பிடிகளைத் தடிமனாக்குங்கள் என்றதை மட்டும்
உடனே செய்தேன்.
கட்டிங் வேஸ்டில் ரிப் துணி எடுத்துக்
கத்தரிக் காதில் சுற்றி ரப்பர் போட்டேன்.
திங்கட்கிழமைக்குள் நாலு மேஜையில் அதே சுற்று,
சபிதாவினுடையது ரோஸ் கலர்.
சூப்பர்வைசர் நின்றார்.
யாரு சொல்லிக்குடுத்தது?
போன் சொல்லுச்சுங்க.
ஒன்றும் பேசாமல் ஒரு கத்தரியை எடுத்து
இரண்டு முறை காற்றை வெட்டிப் பார்த்துவிட்டு
வைத்துவிட்டுப் போனார்.

இன்று ஆறு.
ஆறு என்றே வைத்தேன்.
வெந்நீரில் கை நனைத்து
மேலிருந்து மூன்று கொக்கி போட்டாயிற்று.
தெருமுனையில் ஹாரன்.
நாலாவதைச்
சேலை பார்த்துக்கொள்ளும்.