எந்தக் கடல்

வாடைக்காற்று தொடங்கிய ஒன்பதாம் நாள்
மடக்குக் கதவு மூன்றாம் மடிப்போடு நின்றுவிட்டது.
நான்காவது பலகை
ஏறவும் முடியாமல் இறங்கவும் மனசில்லாமல்
பஸ் படியில் தொங்குகிறவன் மாதிரி.

பாகம் பிரித்தபோது சுவர் எழுப்பக் காசில்லை.
வல்லம் அவர்களுக்கு, எஞ்சின் எங்களுக்கு.
எஞ்சின் இல்லாத வல்லமும்
வல்லம் இல்லாத எஞ்சினும்
ஆளுக்கொரு முற்றத்தில் கிடக்கின்றன.
கூடத்தின் நடுவே இந்தக் கதவு.
அந்தப் பக்கம் ஓரகத்தி லிடியா.
எட்டு மாதமாகப் பேச்சில்லை.

ராமநாதபுரத்தில் கடைக்காரர்
கீலைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"பாம்பனா?" என்றார்.
துரு ஊர்ப்பெயர் சொல்லிவிடுகிறது.
"இரும்பு ஆகாதும்மா, எஸ்.எஸ். போடுங்க.
சக்கரம் நைலான்ல வாங்குங்க.
தடத்துல எண்ணெய் விடாதீங்க, மணல் ஒட்டும்.
மெழுகு தேயுங்க."
அறுநூற்று இருபது ரூபாய்.
பில் கேட்டு வாங்கினேன்.

மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறியும்
பதினாறு திருகாணியில் பதினொன்றுதான் வந்தன.
மீதி ஐந்தின் தலையைக் குறடு தின்றது.
தளர்ந்த துளைகளில் தீக்குச்சியும் ஃபெவிகாலும்.
பழைய பல் பிரஷால் கீழ்த்தடத்தைச் சுரண்டினேன்:
உப்பு, மணல், காய்ந்த நெத்திலித் தலை,
என் மகன் இரண்டு நாள் அழுத நீலக் கோலி,
அவள் மகளின் ஜெபமாலையில் அறுந்த ஒரு மணி.
கோலியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.
மணியை அந்தப் பக்கம் உருட்டிவிட்டேன்.
கொஞ்ச தூரம் ஓடிய சத்தம் கேட்டது,
பிறகு யாரோ எடுத்த சத்தம்.

பலகையை மாட்டத்தான் இரண்டு கை போதவில்லை.
அவர் இன்னொருத்தர் விசைப்படகில் கூலிக்குப் போயிருந்தார்.
பையன் பள்ளிக்கூடத்தில்.
முட்டுக் கொடுத்த ஸ்டூல் நழுவியது.
பலகை விழவில்லை.
கீழ் விளிம்பில் நான்கு விரல்கள்,
நகத்தில் செதிள்.

"தூக்கு."
"தூக்கிட்டுத்தான் நிக்கிறேன்."
"இடது பக்கம்."
"ஒனக்கு இடதா, எனக்கு இடதா?"
பாகப்பத்திரத்தில் இதற்குப் பதில் இல்லை.
"கடல் பக்கம்" என்றேன்.
"எந்தக் கடல்?"
இந்த ஊரில் அதுவும் நியாயமான கேள்விதான்.
"தென்கடல்."
"அப்படிச் சொல்லு."

சக்கரம் தடத்தில் உட்கார்ந்தது.
அதற்குமேல் பேச வேலை இல்லை.
விரல்கள் போய்விட்டன.

அந்தோணியார் கெபியில் எரிந்து மிஞ்சிய
மெழுகுவர்த்தித் துண்டால்
மேலும் கீழும் தேய்த்தேன்.
இழுத்தால் கதவு சத்தமே இல்லாமல் வருகிறது.
முன்பு முனகும்.
அவள் எழுந்தாள், வந்தாள், இந்தப் பலகையோரம்
கொஞ்ச நேரம் நின்றாள் என்பதெல்லாம்
அடுப்படியிலிருந்தே தெரிந்துகொண்டிருந்தேன்.
அன்று குழம்பு கொதிப்பதற்குள்
இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

சாயங்காலம் கதவடியில் பணம் இருந்தது.
மூன்று நூறு ரூபாய்த் தாள், ஒரு பத்து ரூபாய் நாணயம்.
எவ்வளவு ஆச்சு என்று நான் சொல்லவில்லை.
பில் ஸ்டூலோடு அந்தப் பக்கம் விழுந்திருந்ததை
அப்புறம்தான் யோசித்தேன்.
சரிபாதி.
மெழுகுக்கு அவள் கணக்குப் பார்க்கவில்லை.

கச்சான் கிளம்புமுன் இன்னொரு முறை தேய்க்கவேண்டும்.
மீதித் துண்டைக் கீழ்த்தடத்தின் கோடியில் வைத்தேன்.
கதவு அதில் முட்டி,
ஒரு விரற்கடை விட்டு நிற்கிறது.
இன்னும் யாரும் எடுக்கவில்லை.