இடது காலுறை

மான்டெவிடியோ பேருந்து நிலையம். ஜூலை, விடியாத குளிர்.
விடுதலைக்கு ஒரு டிக்கெட், போக வர, என்கிறேன்.
அந்த ஊருக்கு அதுதான் பெயர்.
டிக்கெட் கிழிப்பவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

மூன்று வருடம் மனு எழுதினேன்.
வால்டெமார் எச்செவெரி, என் தம்பி,
ரயில் பட்டறைத் தொழிலாளி, வயது முப்பத்தொன்று.
அமைச்சகம் ஒரே வரியில் பதில் போட்டது:
அப்படி யாரும் எங்களிடம் இல்லை.
நல்ல தாள். முத்திரைகூடக் கோணவில்லை.

ஆனால் மே மாதம், சிறைவாசலில்,
புது ஆள் போலிருக்கிறது, ஒரு சிப்பாய்
என் பொட்டலத்துக்கு ரசீது கொடுத்துவிட்டான்.
'கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி. எச்செவெரிக்கு.'
பேருந்தில் அதைப் பிரிக்கவில்லை.
வீட்டில் கதவைத் தாழிட்டு
குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன்,
எழுத்துக்குச் சத்தம் உண்டு என்பதுபோல.

நாங்கள் பதினோரு பெண்கள்.
ஒருத்தி வேலை பார்க்கும் பல் மருத்துவர் வீட்டு நிலவறையில்
சைக்ளோஸ்டைல் இயந்திரம். நானூறு பிரதி.
மேலே அமைச்சகத்தின் 'இல்லை',
கீழே காலுறையின் 'உண்டு',
அதற்கும் கீழே கையெழுத்துக்கு இடம்.

கறிக்கடை லிபோரியோ போட மாட்டேன் என்றார்.
மூன்று பிள்ளைகள் என்றார்.
மறுநாளிலிருந்து அவர் எலும்பு சுற்றித் தரும் தாளுக்குள்
எங்கள் தாளும் இருந்தது.
போட்டுக்கொடுத்த பேராசிரியர்
இரவில் வந்து அழிக்கச் சொன்னார்.
அழித்தேன்.
ரப்பர் துகளை ஊதித்தள்ள மனம் வரவில்லை.

நார்வேயில் மோல்டே என்ற ஊரிலிருந்து
இங்கெபோர் என்பவள், மீன் ஆலையில் கணக்கெழுதுகிறவள்,
தளபதிக்கு மாதாமாதம் எழுதுகிறாள்:
'மதிப்பிற்குரிய ஐயா, காலுறை அவருக்குச் சரியாக இருந்ததா?'

இப்போது ரசீது தருவதில்லை.
வாங்குவார்கள். பேச மாட்டார்கள்.
ஆகவே இன்று
ஒன்றை மட்டும் பொட்டலம் கட்டினேன். இடது.

சிப்பாய் தாளை உதறினான், திருப்பினான், மறுபடி உதறினான்.
'இன்னொன்று எங்கே?
அவனுக்குக் கால் இரண்டுதானே?'

அவனுக்கு.

பின்னால் நின்ற வரிசை மூச்சுவிடவில்லை.
நெஞ்சில் தைத்திருந்த பெயரைப் படித்தேன்: பிரீஸ்.
மணி ஒன்பது இருபது.
டிக்கெட்டின் முதுகில் குறித்துக்கொண்டேன்
அவன் சொன்னது சொன்னபடி.
கால் இரண்டு என்றான். அதையும்.

அடுத்த மாதம் கொண்டுவருகிறேன் என்றேன்.
அதுவரை ஒரு பாதம் குளிரும்.
தெரியும்.

வலது காலுறை என் கைப்பையில்தான் இருக்கிறது.