மூன்று காலில் நிற்பது

கடற்றொழில் அலுவலகச் சுவரில்
சீமெந்தில் வார்த்த அரச இலச்சினை.
புதன்கிழமை கொழும்பிலிருந்து ஆள் வருகுதாம்.
"வள்ளத்துக்குப் பேர் எழுதுற கைதானே,
இதையும் ஒருக்கா அடிச்சு விடு" என்றார் பெரிய கிளாக்கர்.
நிறங்களைப் பார்த்துக்கொள்ளவென்று
ஒரு போட்டோக்கொப்பி தந்தார்,
கறுப்பு வெள்ளையில்.

ஹில்மி ஏணியைப் பிடித்துக்கொண்டான்.
முதலில் உப்பைச் சுரண்டினேன்.
சக்கரத்தின் ஆரங்களுக்கிடையில் ஒரு குளவிக்கூடு.
வெறும் மண், உள்ளே யாருமில்லை.
இதழ்களை இரண்டு தரம் எண்ணினேன்,
இரண்டு தரமும் வேறு வேறு தொகை.

குடம் எனக்குத் தெரிந்த குடம்தான்.
தங்கச்சியின் கலியாணத்தன்று வாசலில் வைத்தது.
மாவிலைக்குப் பதில் இதில் நெற்கதிர்.
தம்பலகாமத்து வயலில்
காற்று எங்கிருந்து வந்தாலும்
கதிர் ஒரு பக்கம்தான் சாயும்.
இங்கே இரண்டு பக்கமும் சாய்கிறது.
யார் நடுவில் நின்று ஊதினார்களோ.

"சூரியனும் நிலவும் ஒண்டா எப்படி?" என்றான் ஹில்மி.
நாடு நிலைக்கும் என்பதற்கு அடையாளமாம், கிளாக்கர் சொன்னார்.
நான் வேறொன்று நினைத்தேன்:
பூரணை அந்தியில் இந்த ஊரின் இடுப்பில் நின்றால்
உட்துறைமுகப் பக்கம் ஒன்று இறங்கும்,
டச்சுக்குடாப் பக்கம் மற்றது ஏறும்.
ஐந்து நிமிஷம்.
அவ்வளவு நேரம்தான் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்.

பிறகு சிங்கம்.
பிடரிச் சுருளுக்கு ஒரு நாள் முழுக்கப் போனது.
கிட்டப் போனால்தான் தெரிகிறது,
வாளைத் தூக்கிய நாளிலிருந்து
அது மூன்று காலில் நிற்கிறது.
நாலாவதை ஊன்ற வேண்டுமானால்
வாளை எங்காவது வைக்க வேண்டும்.
வட்டத்துக்குள் வைக்க இடமில்லை.

"மீன் எங்க?"
திரும்பவும் ஹில்மி.
ஏணியில் நின்றபடி தேடினேன்.
மீனில்லை, தோணியில்லை,
அலையென்று சொல்ல ஒரு நெளிகோடு இல்லை.
ஒரு தீவின் முத்திரையில்
கடல் இல்லை.
கிளாக்கர் சிரித்தார்:
"சுத்திவர இருக்கிறதுதானே, அதை வேற கீறவேணுமா?"

கோட்டை வாசலிலும் ஒரு சிங்கம் உண்டு,
கல்லில், கொம்பு முளைத்த குதிரையோடு.
அதன் கீழால் மான்கள்
சொப்பிங் பையை மென்றபடி போகும் வரும்.
அதற்கு நிறமடிக்க யாரும் கூப்பிடுவதில்லை.
அதை அங்கே வைத்தவர்கள் கப்பலேறிப் போனார்கள்.
கப்பல் போன வழி மட்டும் இன்னும் இருக்கிறது.

புதன்கிழமை ஆள் வந்தார்.
அண்ணாந்து பார்த்தார், கைபேசியில் ஒரு படம்,
பிறகு நண்டுக்கறி.
என் வவுச்சரில் அதே சிங்கம்
மை கூடிப்போய் ஒரு ஊதாக் கறை.
என் பெயர் இரண்டு மொழியிலும் பிழை.

பொன்நிறம் தட்டுப்பட்டது, மரூன் மிஞ்சியது.
அரை வாளி.
பல்தஸாரின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது,
அடிவயிற்றுக்கு ஏதாவது பூச வேண்டும் என்றான்.
பூசினேன்.
சிங்கம் நிற்கும் அதே சிவப்பு,
இப்போது நீர்க்கோட்டுக்குக் கீழே.
சூடையும் கும்புளாவும் அண்ணாந்து பார்க்கும்.

இலச்சினையில், குடத்தின் விளிம்பில்
கம்பி நின்ற இடத்தில்
மாரி பிறக்கமுன்னம் ஒரு செம்பொட்டு கசிந்திருக்கிறது.
உப்பு உள்ளே போய்விட்டது.
கிளாக்கர் கூப்பிடுவார்.
போவேன்.