கலைக்கும் வேலை

மே முதல் ஒக்டோபர் வரை,
மணிக்கு இருபத்தொரு டொலர்.
கிலார்னிப் பூங்காவின் இளஞ்சிவப்புப் பாறைகளில்
வந்தவர்கள் அடுக்கிவிட்டுப் போனதை
நான் கலைக்கிறேன்.

காரணம் எழுதியே தந்திருக்கிறார்கள்.
பொய்க் குவியலை நம்பிப் போன வருடம் இருவர்
இரவு முழுக்கச் சதுப்பில் நின்றார்கள்.
பிறகு, கல்லுக்கடியில் குடியிருக்கும் அரணை,
அதற்குக் கூரை போய்விடுகிறது.

ஜோனசி என் சோடி. இனுக்ஜுவாக்கிலிருந்து வந்தவன்.
காலும் கையும் வைத்து யாரோ நிறுத்திய கல்மனிதனைச்
சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
“எங்கட பக்கம் கல் நிண்டால்
கீழே இறைச்சி இருக்கும்,
இல்லையெண்டால் அந்தத் திசையில மீன் இருக்கும்.
இது கார் பார்க்கைக் காட்டுது.”
தலையை முதலில் எடுத்தான், மெதுவாக,
தொப்பி கழற்றிவிடுவது போல.

யாரிடமும் நான் கேட்பதில்லை. சிலர் தாமாகச் சொல்வார்கள்.
கொரியப் பெடியன்: தங்கச்சிக்குச் சோதனையாம்.
பார்க்டேல் திபெத்தியர் ஒருவர்
இருந்த குவியலில் ஒரு கல் கூட்டி
வலமாகச் சுற்றிப் போனார்;
மூச்சு வாங்கிய இடமெல்லாம் அவருக்குக் கணவாய்.
பிரம்ப்டன் சோடி ஒன்று, மதுரைப் பேச்சு:
“சொந்த வீட்டுக்கு வேண்டிக்கிட்டது அக்கா,
நாங்க போற வரைக்குமாச்சும் விட்ருங்க.”
விட்டேன்.
கார் கிளம்பும் சத்தம் கேட்டபின்
ஐந்து மாடியையும் இறக்கினேன்.
அடிக்கல் பெயர்த்த குழியில்
நீல வால் குஞ்சு ஒன்று
வெயிலில் திகைத்துக் கிடந்தது.
அவர்களுக்கு வட்டி ஏறாதிருக்கட்டும் என்று
என்பாட்டில் சொல்லி, மூடினேன்.

எங்களிடமும் ஒரு சொல் உண்டு: பதுக்கை.
சுரத்தில் அம்பு பட்டு விழுந்தவன் மேல்
வழிப்போக்கர் போட்ட கல்.
இங்கே ஒருவன் கிடக்கிறான், அவ்வளவே சேதி.
அப்புறம் சுமைதாங்கி,
வயிற்றில் சுமையோடு போனவளுக்காக
இரண்டு கல் நட்டு ஒன்றைக் கிடத்தியது.
மதியச் சாப்பாட்டுத் தாளில் கீறிக் காட்டினேன்.
“கால் இருக்கு, தலை எங்க?” என்றான் ஜோனசி.
ஆரோ ஒருத்தி வந்து
தன் தலைச்சுமையை ஏற்றுவாள் என்றேன்.

செப்டம்பர் கடைசி. ஜோர்ஜ் ஏரிக்கு மேலே
பாதையே இல்லாத மேடு.
இரண்டு கல் நின்றது. ஒன்று குறுக்கே.
அடியில் கூழாங்கல் அழுத்திய
ஆஸ்பத்திரிக் கைப்பட்டி,
என் பெருவிரலுக்குத்தான் கொள்ளும்.
குடும்பப் பெயர் மழையில் போய்விட்டது.
‘பெண் குழந்தை’ என்பதும்
ஒரு திகதியும் மிச்சம்.

கை வைத்தேன். கல் ஈரம்.

கோப்பாயில் புல்டோசர் ஓட்டியவனுக்கும்
மாதம் முடியச் சம்பளம் வந்திருக்கும்.
அவனுக்கும் காரணம் எழுதித்தான் தந்திருப்பார்கள்.
அண்ணாவின் கல் ஏழாம் வரிசையோ எட்டோ,
இனி எண்ணிப் பார்க்க ஏலாது.
இது அதுவல்ல.
தெரியும்.
தெரிந்தும் கை அங்கேயே இருந்தது,
கீழிருந்து ஜோனசி இரண்டாம் தரம் விசிலடிக்கும் வரை.

அறிக்கையில் இரண்டே கட்டம்:
கலைத்தது, விட்டது.
கலைத்தது பதினாறு.
விட்டதற்குக் காரணம் வேண்டும்.
‘வழிக்குறி’ என்று எழுதினேன்.
அங்கே பாதையே இல்லையே என்றார் மேலாளர் டக்.

சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே,
“அது சரியாத்தான் காட்டுது” என்றான் ஜோனசி.

அவன் அந்த மேட்டில் ஏறவே இல்லை.