2பி வகுப்பின் குழாய்

சுற்றுநிருபம் வெள்ளி இரவு வந்தது.
எப்போதும் வெள்ளி இரவில்தான் வரும்.
அதிபர் தொலைபேசியில் கேட்டார்:
"திங்கள் காலைக்குள் முடியுமா, ஹேர் பொன்னு?"
(பொன்னுத்துரை என்ற என் பெயரை
இந்த வூப்பெற்றால் நகரம் பாதியில் முறித்து
இருபத்தொரு வருடமாகிறது.)

பதினொரு பக்கம்.
அதில் மூன்று பக்கம்
போன சுற்றுநிருபத்துக்கு நேர்மாறு.

சனிக்கிழமை நிலத்தில் அம்புக்குறி ஒட்டினேன்.
போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம்.
நாலு சுருள் மஞ்சள் ரேப் முடிந்தது.
தும்புத்தடி ஒன்றை ஒன்றரை மீற்றருக்கு அறுத்து
மேசைக்கும் மேசைக்கும் இடையில்
வைத்து வைத்துப் பார்த்தேன்.
பதினாறு மேசைக்கு இடம் வந்தது.
பிள்ளைகள் இருபத்துநாலு.
மிச்ச எட்டுப் பேரை எங்கே இருத்துவதென்று
பக்கம் நாலில் ஒரு சொல் இருந்தது:
"இயலுமானவரை."

வடக்குப் பக்க யன்னல்களைத்
திருகாணி போட்டு மூடியவன் நான்தான்.
பிள்ளைகள் விழக்கூடாதென்று.
அதுவும் ஒரு சுற்றுநிருபம்.
ஞாயிறு முழுக்க அவற்றைக் கழற்றினேன்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டும்.
தை மாதம். வெளியே மைனஸ் நாலு.
குளிர்ச்சட்டையோடு கூட்டல் கணக்கு.
தொங்குரயில் கடக்கும் இரைச்சலில்
ரீச்சர் வசனத்தைப் பாதியில் நிறுத்தி
ரயில் போனபின் மீதியைச் சொல்லுவா.
மெலிக்கே என்னைக் கேட்டாள்:
"கிருமிக்குக் குளிராதா?"
தெரியாது என்றேன்.
பதினொரு பக்கத்திலும் அது இல்லை.

அந்தத் தடியைப் பிறகு எறிய மனம் வரவில்லை.
எட்டி நில் என்று
முன்பும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
அப்போது ஊரில் காய்ச்சல் எதுவும் இல்லை.
தடியும் தேவைப்படவில்லை,
எவ்வளவு தூரமென்று
எல்லாருக்கும் கண்ணளவில் தெரியும்.
தேத்தண்ணிக் கடையில் எனக்குச் சிரட்டை,
மற்றவர்களுக்குப் பேணி.
இங்கே ஒன்றரை மீற்றர்
அதிபருக்கும் எனக்கும்
ஒரே ஒன்றரை மீற்றர்.
இதை யாருக்குச் சொல்ல?
சொன்னால் நோயைப் புகழ்ந்ததாகிவிடும்.

திங்களும் புதனும் பஞ்சுக்குச்சி.
முப்பது விநாடி வாயில் வைத்து
லொலிபொப் போலச் சூப்ப வேண்டும்.
பிறகு எல்லாக் குச்சியும் ஒரே குழாய்க்குள்.
நான் தடி வைத்துப் பிரித்த
இருபத்துநாலு பிள்ளைகளின் எச்சிலை
ஒன்றாய்க் கலக்கச் சொன்னதும்
அதே சுற்றுநிருபம்தான். பக்கம் ஒன்பது.

எச்சில்.
அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில்
எத்தனை கதவு, எத்தனை பூட்டு.
நான் அதைப் பெட்டியில் வைத்து
மாடிப்படி இறங்கிக்
கூரியர்காரன் கையில் கொடுப்பேன்.
குழாய் வெதுவெதுப்பாக இருக்கும்.
வெளியே எழுதியிருப்பது 2பி மட்டும்.

வியாழன் காலை ஆறு மணிக்கு முடிவு வந்தது.
பொசிற்றிவ்.
யாரென்று குழாய்க்குத் தெரியாது.
எல்லாரும் வீட்டில்; நாளைக்கு
ஒவ்வொருவருக்கும் தனிக் குச்சி.

எட்டு மணிக்கு வாசலில் ஒரு தகப்பன்.
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கேட்டார்:
"எந்தப் பிள்ளை? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.
அந்த அகதி முகாமிலிருந்து வருகிற..."
"2பி" என்றேன்.
"அது தெரியும். யார்?"
"2பி."
அவர் ஓர் அடி கிட்ட வந்தார்.
தடி கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது.
தொடவில்லை.
"2பி" என்றேன் மூன்றாவது முறை.
அவர் காருக்குத் திரும்பிப் போனார்.

மேலே வகுப்பில் மணி அடித்தது.
இருபது நிமிடம் ஆகியிருக்கிறது.
ஆளில்லாத அறைக்கு விதி என்னவென்று தெரியாமல்
யன்னல்களைத் திறந்தேன்.
ஹீற்றர் மேல் காயப்போட்ட
ஒற்றைக் கையுறை, பச்சை.
யாருடையதென்று எனக்குத் தெரியும்.