ஸ்ரோர்ச் சுவர்

கோண்டாவில் டிப்போ தாண்டி இடப்பக்கம்
எங்கள் கொம்பனியின் ஸ்ரோர்.
கதவுக்குப் பின்னால்,
தச்சுப் பென்சிலால் ஞானப்பிரகாசம் எழுதிவைத்த
சீமெந்து விலை:
தொளாயிரத்து ஐம்பது.
ஆயிரத்து ஐந்து.
ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து.
பிறகு எழுத்து சரிந்து
ஆயிரத்து எண்ணூற்றைம்பது,
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.
மூவாயிரம் என்று எழுதிய இடத்தில்
முனை ஒடிந்த ஒரு புள்ளி.

நான் கணக்கெழுதுகிறவள்.
என் லெட்ஜரை ஓடிற்றர் பார்ப்பார்.
இந்தச் சுவரை அவர் பார்த்ததில்லை.

றோட்டுகள் போட்ட காலம் ஒன்று இருந்தது.
லீசிங்காரப் பொடியன் வெள்ளைச் சேட்டோடு வந்து
"ஐயா, இன்னொரு டிப்பர் எடுங்கோ" என்பான்.
குலவீரசிங்கம் முதலாளி நான்கு எடுத்தார்.
இந்த வேலையின் அட்வான்சில்
போன வேலையின் கம்பிக்கடன் கட்டினோம்.
அதற்கு வளர்ச்சி என்று பெயர்.
மாதக் கடைசியில் நான் மட்டும் பார்ப்பேன்:
இலாபம் இருக்கிறது,
சம்பளத்துக்குக் காசில்லை.
இலாபம் எங்கே என்றால்
யாரோ ஒருவரின் பீமுக்குள்.
மிச்சம், பிடித்துவைத்த பத்து வீதமாய்
திணைக்களத்து இரும்பலுமாரிக்குள்.

இருபத்தொன்றில் கையெழுத்திட்டோம்,
சாவகச்சேரிப் பக்கம் இரண்டு மாடிப் பள்ளிக்கூடம்.
பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி:
விலை மாறினாலும் தொகை மாறாது.
அத்திவாரம் ஆயிரத்து ஐந்தில் இறங்கியது.
தூண் எழும்ப இரண்டாயிரம் தாண்டிவிட்டது.
சிலாப்பை மூவாயிரத்தில் ஊற்றினோம்.
பிள்ளைகள் படியேறி ஓடுகிறார்கள்.
அந்தப் படிகளில்
ஒவ்வொரு படிக்கும் எங்கள் நட்டம் கூடும்.

அரசாங்கம் எங்களுக்கு மூன்று பில் தர வேண்டும்.
நாங்கள் வங்கிக்கு, இருபத்தெட்டு வீதத்தில்.
எங்கள் காசுக்கும் வட்டி கேட்டுக்
கடிதம் அடித்தேன்.
தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.
அதைப் பெறவேண்டியவை ஃபைலில் போட்டேன்.

ரூபாய் விழுந்த கிழமை
ஸ்காபரோவிலிருந்து விமலகாந்தன் எடுத்தார்:
"இப்ப ஒரு டொலருக்கு இருநூற்றெண்பது.
மேல்மாடியையும் கட்டுவம் தங்கச்சி."
அவருடைய கணக்கு சரி.
ஆனால் டைல் வரத் தடை,
டிப்பர் மூன்று நாளாய் டீசல் வரிசையில்,
மேசன் அருமைத்துரை கட்டாரில்.
டீசல் வந்தது; டைலும் வந்தது.
அதற்குள் அங்கே அவருடைய வீட்டுக்கடன் வட்டி ஏறி
அழைப்பு நின்றுபோனது.
அவர் மொட்டைமாடியில் இருபத்துநான்கு கம்பி,
துருப்பிடியாமல் நுனியில் கவிழ்த்த சோடாப் போத்தல்.
எந்தத் தண்ணீர்த் தாங்கியில் ஏறிப் பார்த்தாலும்
இணுவில் வரைக்கும் இதே கம்பிக் காடு,
எங்கோ ஒரு நாட்டின் வட்டிவீதத்தைப் பார்த்துக்கொண்டு.

முதலாளி பயந்தார். விலை நாலாயிரம் ஆகும் என்று
நானூறு பை வாங்கி அடுக்கினார்.
வேலை நின்றது. கார்த்திகை மழை நிற்கவில்லை.
தகரத்தின் ஓர் ஓட்டையால்
நானூறும் கல்லாகிப்போயின,
பையின் சுருக்கம், தைத்த நூல்,
தூக்கியவனின் விரல் பதிந்த பள்ளத்தோடு.
இதைச் சரக்கிருப்பில் எழுதுவதா
நட்டத்தில் எழுதுவதா என்று கேட்டேன்.
அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.
ஞானப்பிரகாசம் அவற்றை உருட்டிப்போய்
முற்றத்து வெள்ளத்தில் வரிசையாய்ப் போட்டான்.
இப்போது செருப்பு நனையாமல் ஸ்ரோருக்குப் போகலாம்.

நேற்று புது ரெண்டர் வந்தது.
வங்கிக்காரப் பொடியனும் வந்தான், வேறு பொடியன்,
அதே வெள்ளைச் சேட்டு.
முதலாளியின் முகத்தில் பழைய வெளிச்சம்.
நான் பதினேழாம் பக்கத்தை முதலில் திருப்பினேன்.
அந்த வரி இருபத்திரண்டுக்குப் போயிருந்தது.

"சீமெந்துக்கு என்ன விலை போட, பிள்ளை?"
கல்லான பைகளில் கால்வைத்துப் போய்
கதவுக்குப் பின்னால் பார்த்தேன்.
கடைசியில், கூராய்ச் சீவிய பென்சிலில்,
இரண்டாயிரத்து நூறு.
அதன் கீழே அரைச் சுவர் வெறுமை.