ஏழாம் நிரல்

மாநகரசபைப் படிவத்தில் ஏழாம் நிரல்: இனம்.
அதை நிரப்பத்தான் எனக்கு நாட்கூலி.
மற்றதெல்லாம் லலந்த பார்த்துக்கொள்வான்:
உயரம், சுற்றளவு, சாய்வு,
மேலே மின்கம்பி உண்டா இல்லையா.

காலை ஏழரைக்குச் சுதந்திர சதுக்கம்.
சீமெந்து பூசியது போலச் சாம்பல் அடி,
அதன்மேல் வழுவழுவென்று ஒரு பச்சைக் குழல்,
அதற்கும் மேலேதான் ஓலை.
றோயல் பாம்.
அணிவகுப்புக்கு நிறுத்தியதுபோல இருபத்தெட்டு.
இருபத்தேழு என்றான் லலந்த.
மறுபடி எண்ணினோம்.
கடைசிக்கு முந்தியது தலையில்லாமல் நின்றது.
மின்னல்.
அவன் அதை விட்டிருந்தான், நான் சேர்த்திருந்தேன்.
தலை போனாலும் இனம் எழுதலாம் என்றேன்.
சிரித்துவிட்டுச் சுற்றளவு எடுத்தான்.

வளைவில் நிற்பதும் தூரத்துக்கு றோயல்தான்.
கிட்டப் போனால்
மட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இலை,
போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி.
நரிவால் பனையாம்.
நரியை நான் தெஹிவளையில்
கம்பிக்குப் பின்னால் ஒருமுறை கண்டிருக்கிறேன்.
வால் ஞாபகமில்லை.
பிரஷ் ஞாபகமிருக்கிறது.

வங்கி வாசல் நடைபாதையில் இரண்டு குட்டைகள்.
அடியில் பருத்தால் போத்தல் பனை,
இடுப்பில் பருத்தால் அது வேறு.
"அப்படியென்றால் எங்கள் மனேஜர் இரண்டாவது சாதி"
என்றார் காவலாளி உபுல்,
குரலைத் தாழ்த்தி.

பூங்கா வாசலில் விசிறி விரித்து நின்றதற்கு
நூற்றிநான்கு என்று தகடு அடித்துவிட்டான் லலந்த.
அது பனையே இல்லை,
வாழைக்குத்தான் கிட்டின சொந்தம்.
சொன்னேன்.
ஆணியைப் பிடுங்க அவனுக்கு மனமில்லை.
"இவ்வளவு காலமும் அப்படித்தானே இருந்தது, இருக்கட்டும்."

பதினொரு மணிக்குக் காலிமுகத்திடல்.
ஹோட்டலுக்கு முன்னால், வட்டப் புல்தரையில்
நீலமும் சாம்பலும் கலந்த பெரிய விசிறிகள்.
வீரக்கோன் சேர் ஜீப்பைவிட்டு இறங்கி வந்தார்.
"இது மிஸ்ஸுக்குப் பார்க்கத் தேவையில்லையே,
உங்கள் ஆட்களின் மரம்."

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில்.
பனையை முதலில் கண்டது
வெள்ளவத்தைக் கடையொன்றில்,
குட்டானுக்குள், பனங்கட்டியாக.
ஆனாலும் முந்திய இரவு படித்திருந்தேன்:
மட்டையின் ஓரத்தைத் தடவு,
கருக்கு இருந்தால் பனை.

பெருவிரலை ஓட்டினேன்.
கீறவில்லை.
வெள்ளை மெழுகுப்பொடி மட்டும் ஒட்டிக்கொண்டது.

பதினேழு வயதில், மருதானைச் சந்தியில்
என் அட்டையின் ஓரத்தை ஒருவர்
இப்படித்தான் தடவிக்கொண்டு நின்றார்,
பஸ் முழுவதும் காத்திருக்க.
என்ன கருக்கைத் தேடினாரோ.

"பிஸ்மார்க் பாம், சேர். மடகாஸ்கர்."
"பார்க்க ஒரே மாதிரித்தானே?"
"தூரத்துக்கு, சேர்."
எனக்காக அவர் கொஞ்சம் கவலைப்பட்டதுபோல் இருந்தது.
தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

கடைசியாக யூனியன் பிளேஸ்,
வீதி நடுவில் புல்திட்டு.
நட்டவர்களின் பட்டியலில் இல்லாத ஒன்று,
ஒரு சாண்.
காகம் போட்டதோ, வௌவாலோ.
மடிப்பு விரியாத இரண்டு இலை.
இந்த வயதில் றோயலும் நரிவாலும் கமுகும் கித்துளும்
எல்லாம் இப்படித்தான்,
என் கண்ணுக்குப் பிடிபடாது.

வெற்றிடம் விடக்கூடாது என்று
படிவத்தின் அடியில் மூன்று மொழியிலும் போட்டிருக்கிறது.
"என்ன எழுதப்போகிறாய்?"
உயரத்தை மட்டும் எழுதினேன்.
ஏழாம் நிரலில் பேனை கொஞ்சநேரம் நின்றது,
பிறகு ஒரு கோடு.

லலந்த எங்கேயோ போய்
அரைச்செங்கல் ஒன்று கொண்டுவந்து
புல்வெட்டும் மெஷின் வருகிற பக்கமாக வைத்தான்.
அதை எழுத நிரல் இல்லை.

நூற்றிமுப்பத்தெட்டு வந்தது.
மிதிபலகையிலும் ஆள்.
விட்டுவிட்டோம்.